தெரிந்தவரும் தெரியாதவரும்: முரண்நகை பற்றி ஓர் உரை

(மேற்குத் தாம்பரத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முரண்நகையைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். தொண்டை நாட்டில் நின்று இதைப் பேசுவதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. தமிழில் இதற்கு முதல் எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்லும் பாட்டில் அடி வாங்குபவர் நம்ம ஊர்க்காரர். தொண்டைமான்.

அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் தொண்டைமானுக்கும் பகை. அதியமான் ஔவையைத் தூது அனுப்புகிறான். வந்தவரைத் தொண்டைமான் நேராகத் தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துப்போய்க் காட்டுகிறான். 'என் பலத்தைப் பார்த்துக்கொள், பிறகு பேசலாம்' என்பது அதன் பொருள். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு இங்கே பிறக்கிறது. ஔவை பார்க்கிறார். ஆயுதங்களெல்லாம் மயிற்பீலி கட்டி, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் மிகுந்த பெரிய மனையில் மின்னுகின்றன. உன்னுடையவை இப்படி இருக்கின்றன என்கிறார். எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி, நுனி சிதைந்து, கொல்லனின் சின்னப் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். கூடவே, எங்கள் அரசன் இருந்தால் கொடுப்பவன், இல்லாவிட்டால் இருப்பதைப் பகிர்ந்து உண்பவன் என்று ஒரு சொல். பாட்டு முடிந்தது.

இதில் வசவு எங்கே இருக்கிறது? தேடிப் பாருங்கள், கிடைக்காது. பக்கத்தில் நின்ற அரண்மனைக் கணக்கர் இதை அப்படியே எழுதி வைத்திருந்தால் இரண்டு ஊர் ஆயுதங்களின் இருப்புக் கணக்கு மாதிரித்தான் இருந்திருக்கும். ஆனால் போர்க்களம் பார்த்த ஒருவன் காதில் விழுந்தால், 'நீ சண்டையே போட்டதில்லை, உன் வேல் பளபளப்பதற்கு அதுதான் காரணம்' என்று கேட்கும். ஒரே பேச்சு, இரண்டு செவிகள். தொண்டைமானுக்கு இது புரிந்ததா? பாட்டு சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதில்தான் அதன் விஷமமே இருக்கிறது.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். முரண்நகையின் வகைகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது, எப்போது தெரிகிறது என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். வகைகள் தாமாகப் பிரிந்து நிற்கும்.

முதல் வகை பேச்சில் வருவது. பேசுபவருக்குத் தெரியும், கேட்பவர்களில் சிலருக்காவது தெரியும். நம் இலக்கணக்காரர்கள் இதை நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். தொல்காப்பியர் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறார். நேரடியாகத் திட்டுவது செம்பொருள் அங்கதம். பழியை மறைத்து வைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். பள்ளிக்கூடத்தில் வஞ்சப்புகழ்ச்சி அணி என்று படித்திருப்பீர்கள். அதற்கு இரண்டு முகம். புகழ்வது போலப் பழிப்பது ஒன்று, பழிப்பது போலப் புகழ்வது மற்றொன்று. இரண்டாவதற்குக் கபிலர் இருக்கிறார். எல்லாப் புலவரும் பாரி ஒருவனையே புகழ்கிறார்களே, உலகத்தைக் காக்க மழையும் ஒன்று இருக்கிறதே என்று குறைபட்டுக்கொள்வது போலப் பாடுகிறார். குறை சொன்ன மாதிரி ஆரம்பித்துப் பாரியை மழைக்குச் சமமாக உட்கார்த்திவிட்டார்.

திருவள்ளுவரை நாம் அறிவுரை சொல்லும் பெரியவராகவே வைத்திருக்கிறோம். அவர் நக்கல் அடிப்பதில் கெட்டிக்காரர் என்பதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. கயமை அதிகாரத்தில், கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள் என்கிறார். ஏன்? இரண்டு பேருமே நினைத்ததைச் செய்வார்கள், கேட்பாரில்லை. பேதைமை அதிகாரத்தில், முட்டாள்களோடு நட்பு கொள்வது மிகவும் இனிமையானது என்கிறார். ஏன்? பிரியும்போது வருத்தமே இருக்காது. முதல் பாதியைப் படித்துத் தலையாட்டியவன் இரண்டாம் பாதியில் மாட்டிக்கொள்கிறான்.

வீட்டுக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எழுந்து வரும் பையனை அம்மா 'வாடா' என்று கூப்பிட்டால் ஆபத்தில்லை. 'வாங்க சார், எழுந்தாச்சா? காபி கொண்டுவரச் சொல்லட்டுமா?' என்றால் அன்றைக்கு அவன் கதை முடிந்தது. மரியாதையையே பிரம்பாகப் பிடிக்கிற இந்த வித்தையை நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. 'ங்க' சேர்த்தால் மரியாதை. சேர்க்கக் கூடாத ஆளுக்குச் சேர்த்தால் அவமரியாதை. மூன்று வயசுக் குழந்தைகூட, அம்மா தன்னை 'சொல்லுங்க' என்றால் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறது.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் பேருந்தில் ஏறிப் பாருங்கள். படிக்கட்டில் ஆள் தொங்குகிறது. நடத்துனர் பின்னாலிருந்து குரல் கொடுக்கிறார்: 'உள்ளே போங்க சார், உள்ளே கிரிக்கெட்டே ஆடலாம்.' நடுவில் நசுங்கிக்கொண்டிருப்பவர் பதில் சொல்கிறார்: 'ஆடலாம்ணே, பந்து வந்தா பிடிக்கக் கையைத் தூக்க முடியலையே.' பேருந்து சிரிக்கிறது. இடம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சிரிப்பில் அரை அடி இடம் கிடைத்தும் விடுகிறது.

வீட்டுச் சாப்பாட்டில் கணவர், 'குழம்பு பிரமாதம், உப்பு மட்டும் இன்னும் கடையிலேயே இருக்கு போல' என்கிறார். அந்த அம்மா நிதானமாக, 'ஆமாங்க, நீங்க வாங்கிட்டு வர்றேன்னு போய் ரெண்டு நாளாச்சே' என்கிறார். முரண்நகையில் இப்படி ஒரு வசதி. எறிந்த கல்லை எடுத்துத் திருப்பி எறியலாம். நேரான வசவில் இந்த நாகரிகம் கிடையாது.

இதையே கதையின் தலைப்பில் வைத்து அடித்தவர் புதுமைப்பித்தன். 'பொன்னகரம்' என்று பெயர். உள்ளே போனால் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பு, இருட்டு, சாக்கடை, அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்காக அம்மாளு எடுக்கும் முடிவு. கற்பு கற்பு என்று பேசுகிறவர்களைப் பார்த்து எழுதப்பட்ட கதை. அவர் ஏழைகளைக் கேலி செய்யவில்லை. தலைப்பைப் படித்துவிட்டுப் பொன்னை எதிர்பார்த்து வந்த வாசகரைக் கேலி செய்தார். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளே சென்னைத் தெருவுக்கு வருகிறார். பிள்ளையவர்கள் வரம் கேட்கவில்லை. தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்கிறார்.

இரண்டாவது வகைக்கு வருகிறேன். இங்கே பார்ப்பவருக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. நாடக முரண் என்பார்கள். இதில் இளங்கோவடிகளை மிஞ்ச ஆளில்லை.

சிலப்பதிகாரத்தின் பதிகத்திலேயே முழுக் கதையும் சொல்லப்பட்டுவிடுகிறது. கோவலன் சாகப்போகிறான் என்பது நமக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் 'ஸ்பாய்லர்' என்று கோபித்துக்கொள்வார்கள். இளங்கோ வேண்டுமென்றே செய்கிறார். ஏனென்றால் அதற்குப் பிறகு கோவலன் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் நமக்கு வலிக்கிறது. மதுரைக் கோட்டையில் கொடிகள் ஆடுகின்றன. வராதே, வராதே என்று கை அசைப்பது போல ஆடுவதாகக் கவிஞர் சொல்கிறார். அது நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. நகருக்குள் ஒற்றைச் சிலம்போடு போகிறவன், இத்தனை பெரிய ஊரில் யாரிடம் போய் விலை கேட்கிறான்? அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடி வைத்திருக்கும் பொற்கொல்லனிடம். பின்னால் கைவினைஞர் கூட்டம் வர, அரண்மனைத் தோரணையோடு வரும் அவனைப் பார்த்ததும், இவன்தான் சரியான ஆள் என்று கோவலன் முடிவு செய்கிறான். உண்மையில் திருடனுக்கும் இவன்தான் சரியான ஆள். தன் பழியை ஏற்றி வைக்க ஒரு வெளியூர்க்காரனை அவன் எதிர்பார்த்திருந்தான். இருவரும் மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்த மரியாதையைப் படிக்கும்போது நமக்கு வயிறு கலங்குகிறது.

கிரேக்கத்தில் சோபோக்ளிஸ் எழுதிய ஈடிபஸ் நாடகமும் இதே கட்டு. முன்னிருந்த அரசனைக் கொன்றவனைக் கண்டுபிடித்துத் தண்டிப்பேன் என்று ஊரறியச் சபதம் செய்கிறான் அரசன். கொன்றவன் அவனேதான். பார்க்க வந்தவர்களுக்குப் பழைய கதை மனப்பாடம். சபதத்தைக் கேட்கும்போதே அவர்களுக்கு நடுங்கியிருக்கும்.

இதே கட்டில் அழவும் வைக்கலாம், வயிறு வலிக்கச் சிரிக்கவும் வைக்கலாம். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' 1964-இல் வந்தது. முத்துராமன் நரைத்த தலையும் தடியுமாக ரவிச்சந்திரனின் பணக்கார அப்பாவாக வந்து உட்காருகிறார். பாலையா விழுந்து விழுந்து உபசரிக்கிறார். எதிரே இருப்பவன் யாரென்று அரங்கில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும், பாலையாவுக்கு மட்டும் தெரியாது. கோவலன் கதையிலும் இதுதான் நடந்தது. ஒருவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருந்தது. போகிற உயிர் இருந்தால் அவலம், போகிற பணம் மட்டும் என்றால் நகைச்சுவை.

மூன்றாவது வகை நிலைமையே செய்கிற முரண். முன்கூட்டி யாருக்கும் தெரியாது, அல்லது தெரிந்தவர் பேச்சை யாரும் கேட்கவில்லை. நடந்து முடிந்த பிறகு எல்லோருக்கும் தெரிகிறது. இந்த வகைக்கு நாம் காவியம் தேட வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்தால் போதும்.

நகரத்தின் தண்ணீர்க் கஷ்டம் தாங்காமல் எத்தனையோ குடும்பங்கள் தென்புறநகர்ப் பக்கம் வந்தன. மனை விளம்பரங்களில் தவறாமல் ஒரு வரி இருந்தது: இருபது அடியில் நல்ல தண்ணீர். அது உண்மைதான். பல இடங்களில் அது ஏரியின் உள்வாய், அல்லது ஏரிக்குப் போகிற வாய்க்கால், அல்லது அடையாற்றின் கரை. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் படகு ஓடியது. விளம்பரம் பொய் சொல்லவில்லை. தண்ணீர் கீழேயும் இருந்தது, மேலேயும் வந்தது. மாடியில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு கேன் இல்லை.

நாலே ஆண்டில், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு போயின. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்கள், நடைக்கு 25 லட்சம் லிட்டர். 2015-இல் தண்ணீரை எப்படி வெளியேற்றுவது என்று கேட்ட அதே ஊர், 2019-இல் தண்ணீரை எங்கிருந்து கொண்டுவருவது என்று கேட்டது. இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். சேலையூர், செம்பாக்கம் என்று ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்குப் போய், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. அந்தச் சதுப்பு 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் ஏறியது. பல பத்தாண்டுகளாக மாநகரத்தின் குப்பை வந்து விழுந்ததும் அதே சதுப்பில்தான்.

சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தை வைத்து அசோகமித்திரன் 'தண்ணீர்' நாவலை எழுதினார். குடம் தூக்கி அலையும் பெண்களைப் பற்றிய அந்த நாவலில் ஆசிரியர் ஒரு இடத்திலும் குரலை உயர்த்துவதில்லை. வருத்தமும் கேலியும் ஒரே வாக்கியத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். 2017-இல் அவர் காலமானது வேளச்சேரியில், மழை பெய்தால் வெள்ளத்துக்குப் பெயர்போன ஊரில். இதை அவர் கதையில் வைத்திருந்தால் செயற்கையாக இருக்கிறது என்று அவரே வெட்டியிருப்பார்.

இன்னொன்று. நம் ரயில் நிலையம் ஒன்றின் பெயரிலேயே சானடோரியம் இருக்கிறது. 1928-இல் டாக்டர் சௌரிமுத்து இங்கே காசநோயாளிகளுக்கு மருத்துவமனை தொடங்கினார். ஊருக்கு வெளியே, மரமும் நல்ல காற்றும் உள்ள இடம், நுரையீரலுக்கு ஏற்ற இடம் என்பது அன்றைய கணக்கு. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. நல்ல காற்று உள்ள இடத்துக்குப் போக நல்ல வசதி. அந்த வசதியைப் பிடித்துக்கொண்டு நகரமே வந்துவிட்டது. இன்றைக்கும் அங்கே நெஞ்சக நோய்க்கு நல்ல சிகிச்சை தருகிறார்கள். அதை அடைய ஜி.எஸ்.டி. சாலையின் புகையை முதலில் சுவாசிக்க வேண்டும்.

பாரிமுனையின் நெரிசலைக் குறைக்க 2002-இல் கோயம்பேடு பேருந்து நிலையம். கோயம்பேட்டின் நெரிசலைக் குறைக்க 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம். அது திறந்த நாளில், பக்கத்தில் ரயில் நிலையம் தயாராகவில்லை. ஊரிலிருந்து வந்து இறங்கியவர்கள், 'சென்னை வந்துட்டோம், இனி சென்னைக்குப் போகணும்' என்று பேசிக்கொண்டார்கள். நிலைமை செய்த முரணை மக்கள் பேச்சு முரணாக மாற்றிக்கொண்டார்கள்.

இங்கே மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆச்சரியமானதெல்லாம் முரண்நகை ஆகாது. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்லியலில் அது பெரிய திருப்பம். அதே பல்லாவரத்தில் இன்று நாம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்சி பேரம் பேசுகிறோம். இது வியப்பு, சுவையான பொருத்தம், அவ்வளவே. முரண்நகை ஆக வேண்டுமென்றால், ஒன்றைத் தவிர்க்க எடுத்த முயற்சியே அதைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தண்ணீர் தேடி வந்தவர் வீட்டில் தண்ணீர் புகுந்தது, அது முரண்நகை. கல்யாணத்தன்று மழை பெய்தால் அது வெறும் மழை. மழை வேண்டாம் என்று பயந்து தேதியை மாற்றி, மாற்றிய தேதியில் மழை பெய்தால் மட்டும் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

இனி இதிலுள்ள ஆபத்து. முரண்நகை கேட்பவரை நம்பிப் பேசுகிற பேச்சு. பாதியை நான் சொல்கிறேன், மீதியை நீ போட்டுக்கொள் என்கிறது. கேட்பவர் போட்டுக்கொள்ளாவிட்டால்? ராபின்சன் குரூசோவை எழுதிய டேனியல் டீஃபோ 1702-இல் ஒரு சிறு பிரசுரம் போட்டார். அரசாங்கத் திருச்சபையைச் சேராதவர்களை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று, வெறி பிடித்த ஒருவர் குரலில் எழுதினார். அவரே அப்படிச் சேராதவர்களில் ஒருவர். அந்த வெறியை அம்பலப்படுத்தத்தான் எழுதினார். வெறியர்களில் சிலர் அதை நிஜமென்று நம்பிப் பாராட்டினார்கள். உண்மை வெளியானபோது 1703-இல் அவரைப் பிடித்து மூன்று நாள் பொது இடத்தில், கழுத்தையும் கைகளையும் மாட்டும் மரச் சட்டத்தில் நிற்க வைத்தார்கள்.

நம் காலத்தில் அந்தச் சட்டத்துக்குப் பதில் வாட்ஸப் குழு இருக்கிறது. மழைக்குப் பிறகு ஒருவர், 'நம் தெருவுக்கு இலவச நீச்சல் குளம் கட்டித் தந்தவர்களுக்கு நன்றி' என்று போடுகிறார். இன்னொருவர், 'எந்தத் தெரு சார்? குழந்தைகளுக்குத் தனி நேரம் உண்டா?' என்று கேட்கிறார். அவர் நிஜமாகக் கேட்கிறாரா, இவரைவிடப் பெரிய நக்கலா என்று இருநூறு பேருக்கும் குழப்பம். பேருந்தில் நடத்துனருக்கு முகம் இருந்தது, குரல் இருந்தது. எழுத்தில் அது இல்லை. அதனால்தான் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் பின்னால் ஒட்டுகிறோம். ஒட்டிய உடனே கேட்பவர் மீதிருந்த நம்பிக்கை கொஞ்சம் குறைந்துபோகிறது. ஔவை சிரிக்கும் பொம்மை ஒட்டவில்லை.

இன்னோர் ஆபத்து திசையைப் பற்றியது. ஔவை கையில் வேல் இல்லாமல் வேல் வைத்திருந்தவனிடம் பேசினார். மேல்நோக்கி எறிந்த சொல். அதையே கீழ்நோக்கி எறிந்தால்? கறுத்த பிள்ளையை 'வாடா வெள்ளைக்காரா' என்பது, பருத்தவரை 'இளைச்சுட்டீங்களே' என்பது, புதிதாக வந்த மருமகளை 'எங்க வீட்டு மகாராணி' என்று விருந்தினர் முன் சொல்வது. வடிவம் அதேதான், சொல்லும் எதிர்மறைதான். ஆனால் பதில் சொல்ல முடியாத இடத்தில் இருப்பவரிடம் பேசப்படுகிறது. குழம்பு உப்பைப் பற்றிய பேச்சில் திருப்பி அடிக்க வழி இருந்தது, இங்கே இல்லை. எதிராளி திருப்பி எறியக்கூடிய இடத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அது முரண்நகை. இல்லாவிட்டால் வெறும் குத்தல், சில சமயம் கொடுமை.

முடிக்கும் முன் ஒரு காட்சியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். தமிழ்நாட்டு ஊர்களில் சாலை சேறானால் மக்கள் செய்யும் போராட்டம் ஒன்று உங்களுக்குத் தெரியும். நாற்று நடும் போராட்டம். பெண்கள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்று முடிகளைப் பிரித்து, முழங்கால் வரை சேறான தெருவில் வரிசை பிடித்து நடுகிறார்கள். யாராவது ஒரு பாட்டி குலவையும் போடுவார். கேமரா வரும், கவுன்சிலர் வருவார். எவ்வளவு அழகான வஞ்சப்புகழ்ச்சி! 'உங்கள் சாலை விளைச்சலுக்கு ஏற்றது' என்று ஒரு சொல்லும் பேசாமல் சொல்கிறார்கள்.

அதே போராட்டத்தை நம் புறநகரில் நடத்தினால் அதற்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. இந்த ஏரிகள் எதற்காக வெட்டப்பட்டன? பாசனத்துக்கு. பல தெருக்கள் ஒருகாலத்தில் நெல் வயல்கள். கேலிக்காக நட்ட நாற்று, தன் சொந்த இடத்துக்கே திரும்பி வந்து நிற்கிறது. நடுகிற இளைஞருக்கு அது தெரியாது. குலவை போடும் பாட்டிக்கு ஒருவேளை தெரியும். பேச்சு முரணும் நாடக முரணும் நிலைமை முரணும் ஒரே தெருவில், ஒரே நாற்றில். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்ற கேள்வியை எதற்காக இவ்வளவு நேரம் சுமந்தேன் என்பது இப்போது விளங்கியிருக்கும். அந்தப் பாட்டிக்குத் தெரிந்தது இளைஞருக்கும் கவுன்சிலருக்கும் தெரியவந்தால், நாம் அடுத்த தார்ச்சாலையைக் கேட்க மாட்டோம். வாய்க்கால் எங்கே போனது என்று கேட்போம்.

முரண்நகையால் ஒரு கெடுதலும் உண்டு. சாமர்த்தியமாக ஒன்றைச் சொல்லிச் சிரித்துவிட்டால் கடமை முடிந்துவிட்டது போல ஒரு நிம்மதி வருகிறது. நீச்சல் குளத்துக்கு நன்றி சொன்னவர் நூறு விருப்பக்குறி வாங்கிக்கொண்டு தூங்கப் போய்விடுகிறார். அடுத்த மழைக்கு அதே செய்தியை எடுத்து மறுபடி போடுகிறார். ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தாராளமாக நக்கல் அடியுங்கள். நம் மொழி அதற்கு வேண்டிய எல்லாக் கருவியும் தந்திருக்கிறது. அடித்த கையோடு, உங்கள் தெருவின் பழைய புல வரைபடத்தை வாங்கி, வாய்க்காலின் சர்வே எண்ணைக் குறித்து, ஒரு மனுவும் எழுதிக் கொடுங்கள். மனுவில் மட்டும் முரண்நகை வேண்டாம். அதை வாங்கிப் படிப்பவருக்குப் புரிந்துவிட்டால் வம்பு, புரியாவிட்டால் அதைவிட வம்பு.